தண்டக்கூழ்

எங்கள் வீட்டுச் சைரன் அடித்தபோது நான் மண்கும்பான் மைதானத்தில் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். கரப்பந்து இறுதிப் போட்டி. எங்கள் ஊர் சரவணைக்கும், அதே தீவில் இருக்கிற மண்கும்பானுக்கும். புள்ளிகள் சரிசமன். எங்கள் டெனிஸ்ரன் பந்தை அடிக்க எழும்புகிறான், என் கைக்குள் இருந்த போன் துடிக்கிறது. பார்த்தேன். ‘பின்கதவு திறக்கப்பட்டுள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்தது.

அதே செய்தி எங்கள் சனசமூக நிலையத் தலைவர் வல்லிபுரத்துக்கும் போகும். அது விதி. தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். விதி என்றால் அவருக்குச் சோறு தண்ணி தேவையில்லை. பாய்ந்து போய் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பறித்தார்.

“சரவணைச் சனங்களுக்கு ஒரு அறிவித்தல்! மனோகரி வீட்டுச் சைரன் அடிக்குது! எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ!”

மைதானம் முழுக்க ஒரே விசில். எனக்குக் கண் கலங்குகிறது, சனம் கைதட்டுகிறது. ஏனென்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

சரவணையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் எல்லாம் வெளிநாட்டில். அங்கிருந்து காசு அனுப்பி ஆளுக்கொரு சைரன் பூட்டினார்கள். பூனை போனாலும் அடித்தது, காற்று வந்தாலும் அடித்தது. ஒரு நாள் உண்மையான கள்ளன் வந்து ஒரு வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போனான். அன்றைக்கும் சைரன் அடித்ததுதான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் தலைவர் விதி போட்டார். சைரன் வைப்பதென்றால் நிலையத்தில் அனுமதி எடுக்கவேண்டும், அதுவும் ஊரில் இருக்கிற ஒருவரின் பெயரில். சைரன் அடித்தால் ஊர் ஓடிவரும். பிழையாக அடித்திருந்தால், முதல் தரம் மன்னிப்பு. இரண்டாம் தரம், ஓடிவந்த அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி ஊற்றவேண்டும். அதோடு சைரனை நிறுத்தும் இலக்கத்தையும் மாற்றவேண்டும், புது இலக்கம் அனுமதி எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியலாம். மூன்றாம் தரமென்றால் கூழையும் ஊற்றி, சைரனையும் கழற்றிக் கொடுக்கவேண்டும். உண்மையில் கள்ளன் வந்திருந்தால் தண்டம் கிடையாது. ஓடிவந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பொலிசுக்குப் போன் அடித்தால் அவர்கள் வந்து சேரப் பொழுது பட்டுவிடும். எங்கள் ஊர் அப்படியல்ல. நண்டும் இறாலும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சிய கூழை யார் விடுவார்கள்? சைரன் கேட்டதும் கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா மடித்துக் கையில் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுதல், உள்ளே கள்ளன் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இரண்டு தரம் அடித்தாயிற்று. முதலில் ஓர் ஆடு குசினிக்குள் போனது. பிறகு நானே இரண்டு கையிலும் பையோடு வந்து, இலக்கத்தை அமத்த மறந்து உள்ளே போனேன். கூழ் ஊற்றினேன், இலக்கத்தையும் மாற்றினேன். டெனிஸ்ரன் குடித்த குடியைப் பார்த்தால் அவனுக்கென்று தனிப் பானை வைத்திருக்கவேண்டும்.

அது போகட்டும். என் தலையில் இடி விழுந்தது வேறு வழியால். காணி, அம்மாவிடமிருந்து எனக்கும் கனடாவில் இருக்கிற அண்ணன் ஜெயரூபனுக்கும் சேர்த்து வந்தது. வீட்டைக் கட்டியது அண்ணன். இருக்கிறது நான். கலியாணம் கட்டவில்லை, கட்டுகிற எண்ணமும் இல்லை. அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு வருடமாக அண்ணன் “விப்பம், விப்பம்” என்று ஒரே நச்சரிப்பு. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. கூழ்க் கதையைக் கேட்டதும் போனில் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“ஒரு சைரனைப் பாக்க ஏலாது உனக்கு. நீ வீட்டைப் பாக்கப் போறியோ?”

எனக்கு விசர் வந்துவிட்டது. “இந்தச் சைரனைக் கழட்டிற நாளைக்கு நான் கையெழுத்து வைக்கிறன். அதுவரைக்கும் விக்கிற கதை கதைக்கப்படாது!” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்த வாயால் நான் கெட்டது கொஞ்சமல்ல. ஆனால் சொன்னால் சொன்னதுதான். வாக்கு மாறுகிற பழக்கம் எனக்கில்லை.

இப்போது மூன்றாவது தரம் அடிக்கிறது. உள்ளே கள்ளன் இல்லையென்றால் எனக்கு வீடு இல்லை.

டெனிஸ்ரன் ஆட்டக் காற்சட்டையோடே ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தான். நானும் தலைவரும் பின்னால் ஏறினோம்.

“மட்ச் என்னாச்சு?” என்று கேட்டார் தலைவர்.

“நிப்பாட்டியாச்சு. மண்கும்பான் பெடியளும் வாறாங்கள். தாங்களும் ஓடி வந்த ஆக்கள்தானாம்.”

திரும்பிப் பார்த்தேன். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், அதன் பெட்டிக்குள் நடுவர் ஊதுகுழலோடு. தீவில் ஓடக்கூடியது எல்லாம் எங்களுக்குப் பின்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் அந்த வேகம் ஏறிய பைத்தியம். நான் தலையை வெளியே நீட்டி வழி விடச் சொல்லிக் கத்தினேன்.

“அக்கா, சந்தியிலை நல்ல நண்டு வைச்சிருக்கினம். ஒருக்கா நிப்பாட்டட்டோ?” என்றான் டெனிஸ்ரன்.

“நிப்பாட்டிப் பார்! உன்ர காதைப் பிடுங்கிக் கூழுக்குள்ளை போடுறன்!”

“பிள்ளை, நீர் பதட்டப்படாதையும். விதிப்படி எல்லாம் நடக்கும்,” என்றார் தலைவர். எனக்கு அந்த விதிதான் பயம்.

கண்ணை மூடிக்கொண்டேன். நயினாதீவு அம்மாளே, நான் உன்னிடம் நகை கேட்டேனா, மாப்பிள்ளை கேட்டேனா? ஒரு கள்ளனைக் கேட்கிறேன். பெரிய கள்ளன் வேண்டாம். மதில் ஏறத் தெரிந்த ஒரு சின்னக் கள்ளன் போதும். வீட்டுக்குள் கள்ளன் இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சைரன் காதைப் பிளந்தது. வாசற்படலை பூட்டியபடி. பெடியள் மதிலைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நான் படலையைத் திறந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“உள்ளை ஆள் நிக்குது!” என்று மதிலுக்கு மேலிருந்து ஒருவன் கத்தினான்.

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “கள்ளன்! கள்ளன்! அம்மாளே, கள்ளன்!” என்று துள்ளினேன். சனத்தின் முகம் எல்லாம் வாடிப்போயிற்று.

கள்ளன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். காலில் வெள்ளைச் சப்பாத்து, புதுச் சேட்டு. என் அண்ணன் ஜெயரூபன்.

நான் நம்பவில்லை. பாய்ந்து உள்ளே போய்ச் சுவரில் இருந்த பெட்டியில் இலக்கத்தை அமத்தினேன். சைரன் நின்றது. காது இரைந்தது. திரும்பி வந்து பார்த்தால் அதே அண்ணன்தான். கனடாவுக்குப் போன பிறகு நான் நேரில் பார்க்கிறது இதுதான் முதல் தரம். என் கோபம், சைரன், வீடு எல்லாம் மறந்துபோயிற்று. “அண்ணை!” என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதேன். மெலிந்துபோயிருந்தார்.

“சப்ரைஸ் தருவம் எண்டு வந்தனான் தங்கச்சி. நீ முந்தி அனுப்பின கதவுத் திறப்பு இருந்தது. பழைய நம்பரைத்தான் அடிச்சனான், அது ஏன் கத்துது?” என்றார்.

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து இன்னொருவர் வந்தார். கையில் அளவு நாடா. முழுக்க இழுத்தபடி இருந்தது, சுருட்டக்கூட மறந்துவிட்டார்.

“இவர் ஆர்?” என்று கேட்டேன்.

“கோபிசங்கர். கொழும்பிலை ஹோட்டல் வைச்சிருக்கிறார். சும்மா... பாக்க வந்தவர்.”

கட்டியிருந்த கை தானாக விலகியது. “அண்ணை, காலமை நாங்கள் கதைச்சனாங்கள். அங்கை சரியான குளிர், வெளியிலை போக ஏலாது எண்டு சொன்னீங்கள்.”

அண்ணன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“இண்டைக்கு முழுக்க மைதானத்திலை நிப்பன் எண்டு நான்தான் உங்களுக்குச் சொன்னனான்.”

எனக்கு நெஞ்சு வலித்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “வீட்டுக்காரன்தானே வந்திருக்கிறார். அப்ப இது பிழையா அடிச்சதுதான். மூண்டாவது தரம்.”

மதிலடியில் ஒரு கலகலப்பு எழுந்தது. அண்ணன் நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

“ஓம் தலைவர், பிழைதான். சைரனைக் கழட்டுங்கோ. தங்கச்சி, நீ சொன்னது ஞாபகம் இருக்குத்தானே?”

“இருக்கு. வாக்கு மாறமாட்டன். தலைவர், விதியைச் சொல்லுங்கோ. கள்ளன் எண்டு ஆரைச் சொல்லுறது?”

தலைவருக்குப் புத்தகம் வேண்டாம், எல்லாம் மனப்பாடம். “அனுமதி எடுத்தவருக்குத் தெரியாமல், அவற்ரை சம்மதம் இல்லாமல் உள்ளுக்குப் போன ஆள்.”

“அனுமதி ஆற்ரை பேரிலை?”

“உம்முடைய பேரிலை.”

“எனக்குத் தெரிஞ்சோ இவர் வந்தவர்?”

தலைவர் விதியைத் தனக்குள் திரும்ப ஒருதரம் சொல்லிப் பார்த்தார். விதியை எழுதியதே அவர்தான், பாவம். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ர வீட்டுக்குள்ளை நான் வந்தால் கள்ளனோ?”

“நான் இல்லாத நேரம் பாத்து, பொய் சொல்லி, பின்கதவாலை வந்தால் என்னண்டு சொல்லுறது அண்ணை? வழி முழுக்க ஒரு கள்ளனைத் தா எண்டு அம்மாளிட்டைக் கேட்டுக்கொண்டு வந்தனான். அது நீங்களா இருக்கவேணும் எண்டு நான் கேக்கேல்லை.”

அழக் கூடாது என்று நினைத்தேன், கண் கேட்கவில்லை.

தலைவர் எங்களை முன்முற்றத்துக்குக் கூட்டிவந்து, ஒரு வழியாக முடிவு சொன்னார். “சந்தேகம் எண்டால் ஓடி வந்த ஆக்கள் கையை உயர்த்தித் தீர்க்கவேணும். அதுவும் விதி. வடிவாக் கேளுங்கோ. பிழை எண்டால் உங்களுக்குக் கூழ், சைரன் கழட்டப்படும். கள்ளன் எண்டால் கூழ் இல்லை, சைரன் இருக்கும். பிழை எண்டுறவை கையை உயர்த்துங்கோ.”

நான் டெனிஸ்ரனைப் பார்த்தேன். நண்டுக்காக ஓட்டோவை நிறுத்தக் கேட்டவன். கையிலே பிளாவோடு நின்றவர்களைப் பார்த்தேன். மண்கும்பான் பெடியளைப் பார்த்தேன், அவர்களுக்கு நான் யாரோ எவரோ. இறுதிப் போட்டியையே விட்டுவிட்டுக் கூழுக்கு வந்த சனம். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு கையும் எழும்பவில்லை.

“கள்ளன் எண்டுறவை?”

டெனிஸ்ரனின் கைதான் முதலில் எழும்பியது. பிறகு மதில் மேல் இருந்தவர்கள், படலையடியில் நின்றவர்கள், உழவு இயந்திரப் பெட்டிக்குள் நின்ற நடுவர், மண்கும்பான் அணி முழுவதும். அளவு நாடாவோடு நின்ற கோபிசங்கர் தன் கையைக் கீழே வைத்திருக்கப் பாடுபட்டார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான்.

அண்ணன் எல்லாக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரோடு படித்தவர்களின் கையும் அதற்குள் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். படலையை நோக்கி நடந்தார். சனம் விலகி வழிவிட்டது. படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போனார். அப்படியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் படலையைத் தன் கையாலேயே சாத்தினார். சாத்திவிட்டு வெளியே நின்றார்.

“தங்கச்சி,” என்றார். “நான் உள்ளுக்கு வரட்டோ?”

கோபம் எனக்கு அடங்கவில்லை. அது அவ்வளவு கெதியில் அடங்குகிற கோபமும் அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு படலையடிக்குப் போனேன்.

“அந்த ஆளை அனுப்பிப்போட்டு வாங்கோ அண்ணை,” என்றேன்.