அவள் எழுதாத எதிர்வாதம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. நீதிமன்றத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். எதற்கென்று தெரியாமலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத அந்த நாட்களில், கண்ணீர் மல்க அவள்…'

(வேண்டாம். இவள் அழுகிற ரகமில்லை.)

2

இவள் ஜூனியர் வக்கீல். ஓட்டுத்தான் கிடையாதே தவிர, போனால் போகிறதென்று கறுப்புக் கோட்டு போட விட்டிருந்தார்கள். அதை மாட்டிக்கொள்ள அறை கிடையாது. பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வாள். சீனியரின் வாதங்களை எல்லாம் இவள்தான் எழுதுவாள். அவர் முழங்குவார். மாலை அவருக்கு விழும்.

ஓட்டுக் கேட்டுப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். முதல் கையெழுத்துப் போட்டவள் இவளுடைய அக்கா, தையல்காரி. அதை எதிர்த்து வாதாட வந்தவர் யார்? சீனியரேதான்.

"நாளைக்கு விசாரணை. சட்டம் புரியிற மூளை பொம்பளைங்களுக்குக் கிடையாதுன்னு எழுதும்மா. எவனும் பதில் சொல்ல முடியாதபடி இருக்கணும்."

"அதை எழுதவும் ஒரு பொம்பளைதான் வேணுமா சார்?"

"உன்னையா சொன்னேன்? நீ வேற."

"நான் வேற இல்ல சார். எழுத மாட்டேன்."

"வெளிய போனா உன்னை எவன் சேர்த்துப்பான்?"

கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

(சீனியர் நல்லவர், ஒரு மழைநாளில் குடை கொடுத்தார் என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். குடையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.)

3

"வேலை போச்சாடி?"

"போச்சுக்கா. உன்கூட பட்டன் தைக்க வரேன்."

"கிழிஞ்சுது. உனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. பேசாம கோர்ட்டுக்கு வா."

4

மறுநாள் சீனியர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கையில் வெற்றுத்தாள். எழுதும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

"வாய்தா வேணும் ஐயா. வாதம் இன்னும் தயாராகல."

"நீங்கதானே வக்கீல்? வேற யார் தயார் பண்ணணும்?" என்றார் நீதிபதி.

சீனியரின் பார்வை தன்னாலே பின் பெஞ்சுக்குப் போனது. அங்கே, அக்காவின் பக்கத்தில் இவள்.

"சொல்லுங்க சார், வெக்கப்படாதீங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புத்தான்!

5

தீர்ப்பு எங்கே என்கிறீர்களா? எழுத மாட்டேன். அவள் மாட்டேன் என்றாளே, எனக்கு மட்டும் என்ன வந்தது?

நீதிபதி இரண்டாம் முறை கேட்கிறார். சீனியர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவர் வாயில் வார்த்தையை நீங்கள்தான் வைக்கவேண்டும். எதை வேண்டுமானாலும் வையுங்கள். அவளை மட்டும் மன்னிப்புக் கேட்கவைத்தீர்களோ, அந்த வரியை அவளே வந்து அடித்துவிடுவாள். கோட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது, மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?