அம்சாவின் ரப்பர் கொல்லை

நெம்மேலிக்கு மேற்கே அம்சாவின் கொல்லையில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போனதும் நெல்லும் போயிற்று, வேர்க்கடலையும் போயிற்று. கணவன் சடையப்பன் சிறுசேரியில் கார் ஓட்டப் போய்விட்டான். மெக்சிகோ பாலைவனத்துச் செடி ஒன்றைச் சோதனைக்கு நடச்சொல்லி ஒரு கம்பெனி ஊரில் ஆள் தேடியபோது எல்லோரும் நழுவினார்கள். அம்சா மட்டும் வாங்கி நட்டாள். குவாயூல் என்று பேர். பட்டையில் ரப்பர் இருக்குமாம்.

இரண்டு கோடையை அது தாங்கிற்று. சாம்பல் நிற இலையோடு முழங்கால் உயரம் நின்றது. ஒருநாள் பட்டையைக் கிள்ளி மென்று பார்த்தாள். முதலில் கசந்தது. பிறகு பல்லில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நீண்டது. வீட்டுக்கு வந்த சடையப்பனிடம் காட்டினாள்.

"மெய்யாவே ரப்பருதான்டி" என்று அவனும் இழுத்துப் பார்த்துச் சிரித்தான்.

தை மாதம் வெட்டுவதாக இருந்தார்கள். கார்த்திகையில் புயல் வந்தது. மழை விட்டும் கொல்லையில் தண்ணீர் வடியவில்லை. வாய்க்காலைத் தூர்த்து யாரோ மனை போட்டிருந்தார்கள். அந்தச் செடிக்கு எந்த வெயிலும் ஆகும், நின்ற தண்ணீர் ஆகாது. வரப்புக்குக் கீழே, மழையை நம்பி நெல் போட்டிருந்த கொழுந்தன் எல்லப்பனின் கழனி.

"வரப்ப கொஞ்சம் வெட்டி வுடுப்பா. வேரு அழுவுது."

"என் பயிரு இப்பதான் பால் புடிச்சிகினு கீது அண்ணி. உன் தண்ணியும் வந்தா மொத்தமா பூடும்."

"ரெண்டு வருசமா புள்ள மாதிரி பாத்துகினேன்."

"நான் மட்டும் இன்னா?"

மறுநாள் எல்லப்பன் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், அம்சா மண்வெட்டியால் வரப்பை வெட்டினாள். ஒரு முழம்தான் வெட்டினாள். தண்ணீர் மீதியைத் தானே அறுத்துக்கொண்டு போயிற்று. பயந்துபோய் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அடைத்தாள். நிற்கவில்லை. எல்லப்பன் மனைவி தமிழ்ச்செல்வி ஓடிவந்து கரையில் நின்றாள்.

"இன்னாக்கா பண்ணிட்ட" என்றாள்.

நெல் சாய்ந்து நீரில் கிடந்து அழுகிற்று. செடிகளும் பிழைக்கவில்லை. தொட்டு இழுத்தாலே வந்தன. வேர்ப்பட்டை கறுத்துக் கையோடு உரிந்தது. கம்பெனி ஆள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "இந்த மண்ணுக்கு செட் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தண்ணீர் வற்றிய பிறகு எல்லப்பனும் தமிழ்ச்செல்வியும் சேற்றில் நின்று, மாட்டுக்காவது ஆகட்டும் என்று கிடந்த தாளை அறுத்தார்கள். அம்சா அரிவாளோடு கழனியில் இறங்கிக் குனிந்து ஒரு பிடி அறுத்தாள்.

எல்லப்பன் நிமிராமலே சொன்னான்: "வேணாம். ஏறிப் போ."

அவள் அறுத்த பிடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு அதை வரப்பில் வைத்துவிட்டு ஏறிப்போனாள்.