டைகருக்காக ஓடிய கிரைண்டர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சாந்தாமணி அண்டா நிறைய அரிசி ஊறப்போட்டாள். பீளமேட்டு மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் தம்பிதுரை எட்டிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, ஊட்ல ஏதாச்சும் விசேசமா?"

"அதெல்லாம் இல்லீங்க. நம்ம டைகருக்குத்தான்."

டைகர் என்று பேர் வைத்தவன் தம்பிதுரைதான். பேருக்கும் நாய்க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தீபாவளியன்று முதல் சரவெடிக்கே சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு மொபெட்டில் சந்து சந்தாக அலைந்தவன், கடைசியில் துடியலூரில் ஒரு லாரிக்கு அடியில் அதைக் கண்டுபிடித்துத் தூக்கிவந்தான். இன்னொரு தடவை ஓடினால் அந்தியூரில் அக்கா தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டான். பகலெல்லாம் தனியாக இருக்கும் சாந்தாமணிக்கு அந்த நாய்தான் பேச்சுத்துணை.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் கிறிஸ்துமஸுக்கு வெடி வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தீபாவளிக்கு இவர்கள் வெடித்த குப்பையெல்லாம் டீச்சர் வாசலில்தான் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிரைண்டர் ஓடினால் அதன் பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்குவது டைகருக்குக் குட்டியிலிருந்தே பழக்கம். அதை நம்பித்தான் இத்தனை அரிசி. சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். கல் கடகடவென்று சுற்றியது. தெருவில் டிரம்மும் பாட்டும் வெடியுமாக ஒரே அமர்க்களம். டைகர் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

கல் நின்றதும் வெடிச்சத்தம் வீட்டுக்குள் வந்து விழுந்தது. டைகர் வெடவெடவென்று நடுங்கியபடி பின்கதவைப் பிறாண்டியது. சாந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. மில்லிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த தம்பிதுரை எழுந்துவந்து தரையில் சப்பணமிட்டு, நாயை மடியில் இழுத்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தினான்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நம்மூட்டுக்குள்ள எவனும் வரமாட்டான்."

பெண்டாட்டியிடம் நாளுக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம் என்கிற ஆள் அவன். அன்றைக்கு நாயிடம் மில் கதை, மேஸ்திரி கதை, அக்காவின் சம்பந்தி வீட்டுச் சண்டை என்று ஓயாமல் பேசினான். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. கரண்ட் வந்து கிரைண்டர் மறுபடி ஓடியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா டீச்சர் கேக்கோடு வந்தார்.

"நேத்து எங்க சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சுங்களா?"

சாந்தாமணி வாய் திறப்பதற்குள் தம்பிதுரை முந்திக்கொண்டான்.

"அத்தன வெடிக்கும் எங்க டைகர் வாசப்படி தாண்டலீங்க டீச்சர். எல்லாம் எங்கூட்டுக்காரி வளத்த வளப்புங்க."

கட்டிவந்த நாளிலிருந்து அவன் வாயில் அப்படியொரு பேச்சை அவள் கேட்டதில்லை. பெருமை தாங்கவில்லை சாந்தாமணிக்கு. டீச்சர் கொண்டுவந்த தட்டை வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.