முன்பக்கம் இறக்கிய வண்டி

என் கணவர் இளம்பரிதிக்கு உயரம் கம்மி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் உயரம் சரியாகத்தான் இருக்கிறது. பஸ் கம்பி, சமையலறைப் பரண், நான் என்று மற்ற எல்லாம்தான் கொஞ்சம் மேலே போய்விட்டன. கல்யாணப் போட்டோவில் அவர் காலடியில் ஒரு பலகை இருப்பது எங்கள் இருவருக்கும் போட்டோக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஆண்கள் பூட்ஸுக்கு சோல் ஒட்டும் பிரிவில் அவர் சூப்பர்வைசர். நான் சாம்பிள் ரூமில் வெளிநாட்டுப் பெண்களுக்கு ஹீல்ஸ் செய்கிறேன். விதவிதமாகச் செய்து, மாட்டி நடந்து பார்த்து, கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, தட்டைச் செருப்பில் வீட்டுக்கு வருவேன். ஹீல்ஸ் போடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்ளும் உத்தமி நான். ஒரே ஒரு ஜோடி போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நிமிர்ந்து நடக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. குனிந்து குனிந்து கூன் விழுவதற்குள் நடந்தால் சரி.

இப்படிப்பட்டவர் வாங்கியது ஒரு டூரிங் பைக். லடாக் வரை போகும் வண்டியாம். இவர் பக்கத்து ஊர் மாதனூர் வரை போவார். வண்டி நின்றால் இவருடைய கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தேடும். சிக்னலில் பக்கத்து ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "எங்க சார் போவணும்?" என்று ஆட்டோக்காரர் கேட்பார்.

"உங்க பூட்ஸுக்கு ஒரு இன்ச் சோல் ஜாஸ்தி வெச்சுக்கோங்களேன். உங்க லைன்ல இல்லாத சோலா?" என்றேன்.

"ஹீல் வெச்சு நடக்க நான் இன்னா பொம்பளையா?"

தினமும் ஜெர்மன்காரன் பூட்ஸுக்குத் தடிதடியாக சோல் ஒட்டுகிறவர் கேட்ட கேள்வி இது. தன்னை ஏற்ற மனமில்லாததால் வண்டியை இறக்க முடிவு செய்தார்.

மெக்கானிக் குர்ஷித் பாய் விவரம் சொன்னார். "முன்னாடி சக்கரத்து ஃபோர்க்கை மேல தள்ளி டைட் பண்ணா எறங்கிடும் சார். ஆனா பின்னாடியும் சேர்த்து எறக்கணும். அதுக்கு சாமான் வரணும், ஒரு வாரம் ஆவும்."

"பின்னாடி வேணாம் பாய். ஷூவுல முன்பக்கத்தை எறக்குனா கால் தானா தரையில உக்காந்துடும். எங்களுக்குத் தெரியாத விஷயமா?"

பாய்க்குக் கைநிறைய வேலை இருந்தது. வாதாடாமல் இறக்கிக் கொடுத்தார்.

முன்பக்கம் மூன்று விரற்கடை இறங்கியது. சீட் ஒரு விரற்கடை இறங்கியிருந்தாலே அதிகம். பின்பக்கம் பழைய உயரத்திலேயே நின்றது. வாசலில் நிறுத்தியபோது பக்கவாட்டில் பார்த்தேன். முன்னால் தாழ்ந்து பின்னால் தூக்கி நிற்கும் அந்த வளைவு எனக்குத் தெரியாததா? தான் போடமாட்டேன் என்ற ஹீலை மனுஷன் வண்டிக்குப் போட்டுவிட்டார். சொன்னால் சண்டை வரும். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, இவர் அளவில் தடித்த சோல் வைத்து ஒரு ஜோடி பூட்ஸ் தைத்து, பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாயால் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குக் கிளம்பினோம். சின்னப் பள்ளத்துக்கே முன்பக்கம் டங்கென்று இடித்தது. ஹேண்டில் தொட்டாற்சிணுங்கியாகி, தும்மினாலும் திரும்பியது. உடம்பின் பாரம் முழுக்க அவர் மணிக்கட்டில் இறங்கியது. "ஸ்போர்ட்ஸ் ஃபீல் வந்துடுச்சு பாத்தியா?" என்றார், மணிக்கட்டை உதறிக்கொண்டே.

ஏறும்போது எப்படியோ சமாளித்தோம். இறங்கும்போது அவர் பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தும், நான் அவர்மேல் சரிவேன், அவர் டேங்க்மேல் சரிவார்.

"கொஞ்சம் பின்னாடி போயேன் மேகலா."

"போறேங்க. அங்க நிக்கத்தான் முடியல."

ஹீல்ஸோடு சரிவில் இறங்கும் பெண் படும் பாடு அத்தனையும் பட்டோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. நிறுத்திக் காலை ஊன்றினார். கால் போன இடத்தில் தரை இல்லை. மெதுவாக, மரியாதையாக, புல்லில் சாய்ந்து விழுந்தோம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அம்மா, "எட்டாத வண்டி இன்னாத்துக்குப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சு, காட்டு" என்றார் என் கணவர். வண்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதுதான் என் பேஜார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். "அந்த சோல்... எவ்ளோ ஒசரம் வெப்பாங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன.

"நாளைக்கே முன்னாடி பழையபடி ஏத்திடறேன்" என்று சொல்லி, இறங்கி என் எதிரே நின்றார். பலகை இல்லாமலே அவர் கண்கள் என் கண்களுக்கு நேராக இருந்தன. இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப நானும் ஹீல்ஸ் போட்டுக்கலாமா?"

என் தட்டைச் செருப்பைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார்.

"போட்டுக்கோ" என்றார். "என்னுதவிட கம்மியா."