ஏழாம் எண் கணினியில் இறங்கிய மாப்பிள்ளை

மொரித்தானியாவிலிருந்து இர்பித் நகருக்கு வந்த மாப்பிள்ளையின் தலைமுடி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. நெற்றி புதன்கிழமை வந்தது. பல்கலைக்கழகத் தெருவில் அப்போது தேநீர்க் கடைகளைவிட இன்டர்நெட் கஃபேக்கள் அதிகம். அதில் ஹிக்மத்தின் கஃபேயில், ஏழாம் எண் கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியில், ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், சுருட்டை முடி காற்றில் நின்றது. அந்தக் காலத்தில் படங்கள் மேலிருந்து கீழாகத்தான் வரி வரியாக இறங்கும். ஆளும் அப்படித்தான் இறங்கினார். அது 2001 ஜனவரி. முட்டைக்கோஸ் மலிவாக இருந்தது. மழை கூடுதல்.

அவர் பெயர் யஹ்தீஹ். நுவாக்‌ஷுத் என்ற மொரித்தானியத் தலைநகரில் பூகோள ஆசிரியர். ஹிக்மத்துக்காகக் கஃபேயை நடத்தி வந்த ருதைனா இரண்டு வருடமாக அவருடன் சாட் செய்துகொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தவள் அவள். மறந்துபோன கடவுச்சொற்களையெல்லாம் கடவுச்சொல்லுக்கு உரியவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பாள். வயது இருபத்தேழு. யஹ்தீஹின் பயனர் பெயர் ‘தனி ஒட்டகம் 63’. கல்யாணம் என்று பேச்சு வந்தபோது மூன்று முறை விசா கேட்டார், மூன்று முறையும் கிடைக்கவில்லை. நாலாவது முறை அலைவானேன் என்று, “உங்களையே மெயில்ல இணைச்சு அனுப்பிடுங்களேன்” என்று ருதைனா விளையாட்டாக எழுதினாள். பூகோள ஆசிரியர்கள் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் மெயில் வந்தது. இணைப்பு: ஒன்று. அளவு: எழுபத்தொரு கிலோ. ருதைனா மூன்று முறை படித்துவிட்டு ‘டவுன்லோடு’ என்பதை அழுத்தினாள்.

தலைக்கு ஐந்து நாள் பிடித்தது. படித்தவர் தலையில் சரக்கு அதிகம், உடம்பு சீக்கிரம் வந்துவிடும் என்று ஹிக்மத் சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டே வாடிக்கையாளர்களுக்கு விளக்கினார். சிக்கல் வேறொன்றில் இருந்தது. கஃபேக்கும் மேல்மாடியில் இருந்த ருதைனாவின் வீட்டுக்கும் அடுத்திருந்த பல் டாக்டருக்கும் ஒரே தொலைபேசி லைன். யாராவது ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். பாதியில் அறுந்த பாட்டு திறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பாதியில் அறுந்த ஆள் என்ன ஆவார் என்பது யாருக்கும் தெரியாது. பல் டாக்டர் ரிசீவரை பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். நோயாளிகள் நேரம் கேட்காமலே வந்து வரிசையில் நின்றார்கள், வலித்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வந்தவரை எட்டிப் பார்த்துவிட்டும் போனார்கள்.

மேல்மாடித் தொலைபேசியை மட்டும் யாராலும் ஒட்ட முடியவில்லை. அது ருதைனாவின் தந்தை நௌஃபானுடையது. தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் ஒருத்திதான். நாலாம் நாள், கண்ணும் காதும் வந்து வாய் இன்னும் வராதிருந்தபோது, அவர் கீழே இறங்கி வந்து நாற்காலிக்கு எதிரே நின்றார்.

“ஒட்டகம்னு பேரு வச்சுக்கிட்டு பொண்ணு கேக்க வந்தியா நீ? வாசல் வழியா வர்றதுக்கு என்ன கேடு?”

காற்றில் நின்ற இரண்டு கண்களும் பணிவாகத் தாழ்ந்தன.

“யாபா, அவருக்கு இன்னும் வாய் வரல. வந்ததும் பேசுவாரு” என்றாள் ருதைனா தந்தையிடம்.

“வாய் வராம இருக்கறப்போவே பேசிடறேன், மகளே. அப்புறம் எதிர்த்துப் பேசுவான். இன்னைக்கு இவன் டவுன்லோடு ஆவான். நாளைக்கு உன்னை அப்லோடு பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுவான். மேல போறேன். ரிசீவரை எடுக்கறேன். கதை முடிஞ்சுது.”

மேலே போய் ரிசீவர்மேல் கையும் வைத்தார். கஃபேயில் பதினாறு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹிக்மத்தின் வாயில் விதை கடிபடாமல் நின்றது. பிற்பாடு நௌஃபானே சொன்னது: கை வைத்தாராம், எடுக்க வரவில்லையாம். அறுந்ததை ஒட்டியே பழகிய கை. அவர் ரிசீவரை எடுக்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ருதைனாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் சமைத்து வைத்த முஜத்தரா பருப்புச் சோற்றை மட்டும் தட்டு காலியாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை வாய் வந்தது. அதுவரை இரண்டு நாள் அந்தக் காதுக்குள் தன் மனதையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள் ருதைனா. யஹ்தீஹ் ஸலாம் சொல்லிவிட்டு, “எழுத்துல நீ இவ்வளவு வேகமாப் பேச மாட்டியே!” என்றார். அவள் சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது. அவருக்கு மன்ஸஃப் என்ற ஆட்டிறைச்சிச் சோறு ஊட்டினார்கள். விழுங்கியது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் கீழே சிந்தவில்லை. சற்று நேரத்தில் நுவாக்‌ஷுத்திலிருந்து, மீதி உடம்புக்குக் காவலிருந்த அவருடைய அத்தை மகனின் மெயில் வந்தது: ‘வயிறு இங்கே உறுமுகிறது. என்ன கொடுத்தீர்கள்? கொஞ்சம் குறையுங்கள்.’

எட்டாம் நாள் முழங்காலுக்கு வந்தபோது, எண்பத்துமூன்று சதவீதத்தில், புயல் பிடித்தது. தெருமுனைக் கம்பத்தில் கம்பி பிரிந்து ஒரே இழையில் ஆடியது. திரையில் எண் நகரவில்லை. முழங்கால்கள் மினுங்கின, மறைந்தன, மறுபடி மினுங்கின. யஹ்தீஹ் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டார், அதுவும் நழுவிப் போய்விடும் என்பதுபோல. தொலைபேசி இலாகாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னதற்கு, மழை விட்டதும் ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. ருதைனா மாடிப்படி ஏறினாள். ஐந்து நாளாகப் பேசாத தந்தையின் முன்னால் நின்று, “யாபா, லைன் போகுது” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நௌஃபான் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தார். “யாருடா அந்த ஜாயின்ட் போட்டவன், கழுதை!” என்று திட்டிக்கொண்டே பழைய இடுப்புவாரைத் தேடி எடுத்தார். அறுபத்துமூன்று வயதில், அடைமழையில், தெருவே குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க, கம்பம் ஏறினார். அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைசி இழையும் அறுந்தது. மோடத்துக்கு அது தெரிவதற்குள் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்துவிட்டார். இடையில் ஒரு சாண் தூரம், கம்பி எட்டவில்லை. ஆகவே அவரே கம்பியாக நின்றார். இர்பித்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமான லைன் இருந்ததில்லை. இரண்டு நாள் ஆகவேண்டியது ஐம்பது நிமிடத்தில் வந்தது. முழங்கால், கெண்டைக்கால், குதிகால், பத்து விரல்கள். கீழேயிருந்து ஹிக்மத் கத்தினார்: “நூறு! அபூ ருதைனா, நூறு! விட்டுடுங்க!”

நனைந்த கோழியாகக் கஃபேக்குள் வந்த நௌஃபானைக் கண்டதும், நாற்காலியிலிருந்து முழு ஆளாக முதல் முறை எழுந்து நின்றார் யஹ்தீஹ். கால் தள்ளாடியது.

“உக்காரு, உக்காரு. வலது முழங்கால்ல பழைய அடி ஒண்ணு இருக்கு. என்ன அது?”

“ஒட்டகத்துலேர்ந்து விழுந்தது, அம்மோ. பத்து வயசுல. உங்களுக்கு எப்படி...” என்றார் யஹ்தீஹ், மாமா முறை வைத்து.

“என் கை வழியாத்தானே போச்சு. குளிருக்கு வலிக்குமே.”

“வலிக்கும், அம்மோ.”

நௌஃபான் துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். “மேல ஆலிவ் எண்ணெய் இருக்கு, காய்ச்சித் தேய்ச்சு விடறேன். வா. ஆனா ஒண்ணு. வந்த காலு இந்தத் தெருவுலதான் நடக்கணும். அவளை எங்கயும் அனுப்பிடாதே.” ருதைனா துண்டைப் பிடுங்கி அவர் காதைத் துடைக்க ஆரம்பித்தாள், அழுத்தி, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவர மட்டும் யஹ்தீஹ் அனுமதி கேட்டார். கொடுக்கப்பட்டது.

கல்யாணப் பதிவுக்குப் போனபோது அலுவலகத்தில் அரை மணி நேரம் தாமதமானது. மாப்பிள்ளை நாட்டுக்குள் நுழைந்த வழி எது என்று படிவம் கேட்டது. வான், தரை, கடல் என்று மூன்று கட்டங்களே இருந்தன. எழுத்தர் நடந்ததை முழுக்கக் கேட்டார், ஒருமுறை தும்மினார், அளவுகோலை எடுத்து நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ‘தொலைபேசி’ என்று எழுதி டிக் போட்டு, முத்திரை குத்தினார். அடுத்த கோடையில் ஒருவருடைய மைத்துனி அப்படி வந்தாள், அதற்கடுத்த வருடம் ஒரு நாதஸ்வரம் போன்ற வாத்தியத்துடன் இரண்டு பேர். இப்போது அந்தப் படிவத்தில் நாலு கட்டங்களும் அச்சிலேயே வருகின்றன.