செங்காந்தளின் இடக்கை

ஜெராய் மலையின் முடியிலிருந்து முகிற்கூட்டம் மெல்ல விலகி, வயல்களின் பசுமையும் ரப்பர்ப் பால்மரத் தோட்டங்களின் கருமையும் தோளோடு தோள் உரசிக் கிடக்கும் கெடா மாநிலத்தின் தென்புறமெங்கும் இளவெயில் பரவி நின்ற, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில் பேராரவாரம் ஒன்று எழுந்தது. பள்ளியும் பணிமனையும் வெள்ளிதோறும் ஓய்ந்திருக்கும் அம்மாநிலத்தில், அன்றைக்கு மக்கள் சந்தையில் கூடுவது புதுமையன்று. கூடியோர் அனைவரும் மீனையும் கீரையையும் மறந்து, ஒரே இதழை விரித்துப் பிடித்து, ஒரே படத்தைச் சுட்டிக்காட்டி, ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றதே புதுமை. கற்றறிந்த அன்பரே, அவர்கள் வழக்காடியது ஆட்சியைப் பற்றியன்று, பால்விலையைப் பற்றியுமன்று. உலகில் பிறவாத ஒரு மங்கை எந்தக் கையை எந்தத் தோளில் வைத்தாள் என்பதைப் பற்றியே அத்தனை கூச்சலும்.

அம்மங்கையின் பெயர் செங்காந்தள். 'வடபுலக் கதிர்' என்னும் கிழமை இதழில் வெளிவந்த படக்கதையின் தலைவி அவள். பகலெல்லாம் பால்மரம் சீவும் எளியவளாய்த் திரிந்து, தீயோர் தலைதூக்குங்கால் செந்நிற முகமூடி பூண்டு, கிளைக்குக் கிளை தாவி, சிலம்பம் சுழற்றிப் பகைவர் பல்லை உதிர்ப்பவள். அவளையொத்த மறவர் பலர் ஊரறியாது கூடிக் கலைபயிலும் அமைப்பே கார்நிழல் மன்றம். வலக்கையை இடத்தோளில் வைத்தல் அம்மன்றத்தார் ஒருவரையொருவர் அறியும் குறி. மன்றத்தைக் காட்டிக்கொடுத்துப் பகைவர்க்கு விலைபோனவரோ, தம் புதிய தலைவன் முன்னே இடக்கையை வலத்தோளில் வைத்துக் காட்டுவர். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த நெறியை மீறி, அவ்வார இதழில் செங்காந்தளே பகைத்தலைவன் எதிரில் இடக்கையை வலத்தோளில் வைத்து நின்றாள்! படத்தின் கீழே, "நான் யாரென்று இப்போது தெரிந்துகொள்" என்ற ஒரே வரி. கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

அக்கூட்டத்தின் ஓரத்தில், ஒரு கையில் கணவாய்மீன் பொட்டலமும் மறுகையில் இதழுமாய் நின்ற ஒருத்தியை எவரும் கவனிக்கவில்லை. பாக்கார் ஆராங்கின் வரிசை வீடொன்றில் வாழ்ந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துவந்த கத்தோலிக்கப் பெண் ஜெனவீவ் அவள். மன்றத்தையும் அதன் தலைவியையும் ஆண்டுக்கணக்காக வரைந்துவந்த 'வேழவன்' அவளே. வேழவனுக்கு முறுக்குமீசை உண்டென்று நாடே நம்பியிருந்ததால், மீன் வாங்கும் இடத்தில் அவளுக்கு எந்தத் தொல்லையும் நேர்ந்ததில்லை. அவள் வரைந்தது வலக்கை. அச்சில் வந்திருப்பதோ இடக்கை. பெற்ற மகள்மேல் பழி சுமத்தக் கண்டவளைப்போல அவளுக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. பொட்டலத்தை மிதிவண்டிக் கூடையில் எறிந்துவிட்டு இதழ் வெளியாகும் வெள்ளியில் ஓயாத அச்சகத்தை நோக்கி மிதித்தாள்.

நேர்ந்தது இதுதான். படத்தைத் துத்தநாகத் தகட்டில் பொறிக்கும் மோரிஸ் என்பான், ஒளிப்படச் சுருளைப் புறம்மாற்றி வைத்துவிட்டான். எழுத்துகள் தனியே ஈயத்தில் கோக்கப்படுவதால் அவை நேராக நிற்க, படம் மட்டும் கண்ணாடியிற் கண்டதுபோல் இடம்வலம் மாறிவிட்டது. மோரிஸ் தலையைச் சொறிந்தான். இதழின் உரிமையாளரான சிவகுருவோ, யாழ்ப்பாண மரபினர்க்கேயுரிய நிதானத்தோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திருத்தம் போடுங்க முதலாளி. செங்காந்தள் அப்பேர்ப்பட்டவ இல்ல" என்றாள் ஜெனவீவ்.

"திருத்தமோ? பிள்ளை, கடையளில ஒரு தாள் மிச்சமில்லை. மெர்கோங் கடைக்காரர் இன்னும் வேணுமெண்டு டெலிபோன் அடிச்சுக்கொண்டே இருக்கிறார். வாற கிழமை அவள் மன்றத்தைக் காட்டிக்குடுக்கிற மாதிரியே கீறும்."

"வரைய மாட்டேன்னா?"

"வேற ஆள் கீறும். கதை பத்திரிகைக்குச் சொந்தம், பிள்ளை."

பகைவர் ஆயிரவரைச் செங்காந்தள் கையால் வீழ்த்தியவள், மூக்குக்கண்ணாடி அணிந்த இந்த ஒருவரிடம் தோற்றாள். அக்கிழமை முழுதும் அவள் தூரிகையைத் தொடவில்லை. தகடு பொறிக்கவேண்டிய வியாழனன்று, வெறுந்தாள்களை மேசைமேல் வைத்துக் கதையையே துறந்துவிடும் உறுதியோடு அவள் அச்சகத்துள் நுழைந்த சிறிது நேரத்தில், செம்மண் படிந்த சரக்குந்தொன்று உறுமிக்கொண்டு வாயிலில் வந்து நின்றது. அதிலிருந்து, தலைத்துணி கட்டி, கையில் கழி ஏந்திய தோட்டத்துப் பெண்கள் திமுதிமுவெனக் குதித்தனர்.

"எங்கலா அந்த வேழவன்? மீசக்காரன வெளிய வரச் சொல்லுங்க!" என்று முழங்கினாள் முன்னே வந்த ராக்காயி. மோரிஸ் எந்திரத்தின் பின்னே பதுங்கினான். சிவகுரு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாந்தாக்கா" என்றாள் ஜெனவீவ்.

ராக்காயி அவளை உச்சி முதல் அடி வரை பார்த்தாள். "பொம்பளையா? அட, மீச எங்க போச்சு?" என்றவள், சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் கழியைக் கீழே ஊன்றினாள். பிறகு வந்த காரணத்தைச் சொன்னாள்.

அவர்கள் தோட்டத்தில் குழந்தைவேலு என்றொருவன், ஆள்களை மேற்பார்க்கும் மண்டோர். எதிர்த்துப் பேசிய பெண்ணை, கூப்பிட்டால் குரல் கேளாத மலையடி மரநிரைக்குத் தன்னந்தனியே பால்வெட்ட அனுப்புவது அவன் வழக்கம். அங்கே யானை வருவதுண்டு. அதனினும் கொடிதாக, சில நாள் மண்டோரே பின்னால் போவதுண்டு. படக்கதையை வாய்விட்டுப் படிக்கக் கேட்ட பெண்கள், படங்களைப் பார்த்தே கழிசுழற்றப் பழகி, மன்றத்தின் குறியையும் தமதாக்கிக்கொண்டனர். ஒருத்தியைத் தனியே அனுப்பினால், பெரட்டுக் களத்தில், அதாவது விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் திடலில், அத்தனை பேரும் வலக்கையை இடத்தோளில் வைத்து அசையாது நின்றனர். மண்டோர் பின்வாங்கினான். அந்த வெற்றியைத்தான் ஒற்றைப் படம் உடைத்துவிட்டது.

"போன சனிக்கெழம அவன் அந்தப் பேப்பர ஆட்டிக் காட்டுறான் தங்கச்சி. 'பாத்தீங்களா, ஒங்க தலைவியே வெல போயிட்டா. ஒங்கள்லயும் ஒருத்தி எனக்குச் சேதி சொல்றா, யாருன்னு கண்டுபிடிங்க'ங்கிறான். அன்னையிலேருந்து ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறதில்ல. ரொம்ப சூசாலா, கஷ்டமாப் போச்சு. நாளன்னிக்கி மருதம்மாள தனியா மலைக்கு அனுப்புறானாம். கைய வைக்க ஒருத்திக்கும் தைரியம் இல்ல."

சிரியாதீர், அன்பரே. தாளில் மை தீட்டிய உருவத்தை நம்பி மனிதரை நம்பத் துணிந்தவர்கள், அவ்வுருவம் பொய்த்தபோது மனிதரையும் ஐயுறுவது இயல்பே. ஜெனவீவ் சிரிக்கவில்லை. அவள் கண்கள் நிறைந்தன.

"அது அச்சுப் பிழைக்கா. நான் வரைஞ்சது வலது கைதான்."

"நீ சொல்ற, நான் நம்பிட்டேன். ஆனா எங்கள்ல ஒருத்தி சேதி சொல்றான்னு அவன் சொன்னது? அதுக்கு என்ன திருத்தம் போடுவ?"

ராக்காயியின் பின்னே நின்ற பெண்கள் அப்போதும் ஒருவரையொருவர் நோக்காது நின்றதைக் கண்டாள் ஜெனவீவ். திருத்தம் செங்காந்தளைக் காக்கும், இவர்களைக் காவாது. அக்கணமே அவள் உள்ளத்தில் ஒன்று பளிச்சிட்டது. தாளையும் தூரிகையையும் அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க! எடது கைய வலது தோள்ல வைங்க!"

"அது துரோகி குறிலா!" என்று கொதித்தாள் ராக்காயி.

"எல்லாருமே வச்சா?"

மலைக்குப் போகவிருந்த மருதம்மாள்தான் முதலில் இடக்கையைத் தூக்கி வைத்தாள். வைத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்தவள் வைத்தாள். பிறகு ராக்காயி, பிறகு அனைவரும். தூரிகை பறந்தது! பகைத்தலைவன் "என் ஆள் எவள்?" என்று இரைகிறான், செங்காந்தளின் பின்னே, மரத்துக்கொருவராய் மன்றமே வெளிப்பட்டு இடக்கையை வலத்தோளில் வைத்து நிற்கிறது, எவரை நம்புவதென்று அறியாமல் அவன் தன் கூட்டத்தையே வெட்டி விரட்டுகிறான். ஒரு தாள் காயுமுன் மறுதாள் நிறைந்தது. பெண்கள் அசையாமல் நிற்க மறந்து எட்டியெட்டிப் பார்த்தனர். கதவிடுக்கால் நோக்கிய சிவகுருவும் மெல்ல மெல்ல முற்றத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்.

"அப்ப உண்மையான துரோகி ஆர், பிள்ளை?" என்று கேட்டார், உரிமையாளர் என்பதை மறந்து, சந்தையில் நின்ற வாசகரைப் போல.

"அது இனி அவனுக்கே தெரியாது, முதலாளி."

அவர் உடனே எந்திரப் பக்கம் திரும்பி, "மோரிஸ்! தகட்டை எடும்! இந்த முறையாவது சுருளை நேராய் வையும்!" என்று கத்தினார். பெண்கள் எழுப்பிய ஆரவாரத்தில் தெருவில் சென்ற உந்துகள் ஒலியெழுப்ப மறந்தன.

மறுநாள் இதழ் வெளிவந்தது. சனிக்கிழமை விடியுமுன், ராக்காயியின் கட்டளைப்படி ஜெனவீவும் பெரட்டுக் களத்தின் கோடியில், கடன்வாங்கிய தலைத்துணியோடு நின்றாள். குழந்தைவேலு பெயர்களை அழைத்தான். "மருதம்மா, மலையடி நெரை, தனியா போ" என்றான்.

வரிசை முழுதும் இடக்கைகள் எழுந்து வலத்தோள்களில் அமர்ந்தன. ஜெனவீவின் கையும் தானாகவே எழுந்தது. மண்டோர் நகைக்க வாயெடுத்தான், நகைப்பு வரவில்லை. அவன் கண்கள் வரிசையைத் துழாவி, ஜெனவீவின் அருகில் நின்ற ஒருத்தியிடம் வந்து நின்றன. அவள் கன்னங்களில் நீர் வழிந்தது. ஆயினும் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதை ஜெனவீவ் அப்போது உணர்ந்தாள். சேதி சொல்பவள் ஒருத்தி மெய்யாகவே இருந்தாள். அவளும் இன்று அவனுக்கு இல்லாமற்போனாள். மண்டோர் கண்களைத் தாழ்த்தி, "ஜோடியாவே போங்க" என்று முணுமுணுத்து நடந்தான்.

பிழையின்றி ஒருவரும் ஒன்றுகூடுவதில்லை. பிழை செய்தவரும் வந்து நிற்க இடம் விட்டுவைக்கும் கூட்டமே நிலைக்கிறது. கழியும் முகமூடியும் இல்லாத மெய்யான கார்நிழல் மன்றம் அன்றைய விடியலில் கூடிற்று. தன்னருகே அழுதுகொண்டு நின்றவளின் கையை ஜெனவீவ் ஒருமுறை இறுகப் பற்றினாள். அவள் பெயரை ராக்காயியிடமோ மருதம்மாளிடமோ ஜெனவீவ் கேட்கவுமில்லை, தான் கண்டதைச் சொல்லவுமில்லை. யான் அறிவேன், அன்பரே. ஆயினும் உமக்குச் சொல்லேன்.