ஆபீசர் ஏறிய ராட்டினம்

உமர் பாரூக் துபாயில் சேஃப்டி ஆபீசர். விருத்தாசலம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். துபாயில் கேட்டால்தான் வேறு மாதிரி சொல்வார்கள். அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்தில் ஏறும் குழந்தைகளுக்கு பெல்ட்டு மாட்டிவிட்டு, குறுக்குக் கம்பியை அழுத்திப் பார்க்கிற ஆள் அவன். பதினோரு வருஷமாக அதே வேலை.

பொய்யை அவன் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சின்போது அவனுடைய பெரிய மாமா, "மாப்ள சேஃப்டி டிபார்ட்மென்ட்டு" என்றார். ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை வைத்திருக்கும் பெண்ணின் தகப்பனார், "ஆபீசருங்களா?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் ஒரு வாய் டீ குடித்தார். அந்த ஒரு வாய் டீயில் உமர் ஆபீசராகிவிட்டான். துபாய்க்குப் போவதற்கு முன்னால் அவன் செராமிக் எஸ்டேட்டில் சூளைக்குள் பொம்மை அடுக்கிக்கொண்டிருந்தவன் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. கடலைத் தாண்டினால் பதவி தானாக உயரும் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சமாச்சாரம்.

இந்தத் தடவை லீவில் இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. உமருக்குத் திரும்பிப் போக மனசே இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து வந்து வாசலில் பெட்டியை இறக்கிய அன்று, ஒன்பது வயது மகள் அர்ஃபா, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்கு வரும் விருந்தாளியை எப்படி உபசரிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தம்ளரை வாங்கிக்கொண்டு அவனும் விருந்தாளியைப் போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

மனைவி அஜீஸாவும் பிடித்த பிடியாக நின்றாள். "போதுங்க. கஞ்சியோ கூழோ, ஒண்ணா இருந்து குடிப்போம். இங்கயே ஒரு வேல பாத்துக்கங்க."

சொன்னதோடு விடாமல் அவளே வேலையும் தேடினாள். டைல்ஸ் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவனைக் கையோடு கூட்டிப்போனாள். அவர்கள் சர்டிபிகேட் கேட்டார்கள். "கம்பெனியில இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். உழைக்கிறவனுக்கு ஊரில் எத்தனையோ வேலை இருந்தது. அவன் ஆபீசராக இருந்ததுதான் தொல்லை.

இந்த நிலைமையில்தான் அர்ஃபா ராட்டினங்கள் உள்ள பார்க்குக்குப் போகவேண்டும் என்றாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்களாம். பந்தி பரிமாறுகிறவனை லீவு நாளில் விருந்துக்குக் கூப்பிட்ட கதைதான். ஆனால் மகள் அவனிடம் முதன்முதலாகக் கேட்ட விஷயம். மறுப்பானா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேன் கிளம்பியது. உமர், அஜீஸா, அர்ஃபா, அஜீஸாவின் தம்பி முபாஷிர், ஒரு பெரிய டிபன் கேரியர் நிறைய பிரியாணி. வடலூர் தாண்டுவதற்குள் முபாஷிர் நாலு தடவை கேட்டுவிட்டான். "மச்சான், உங்க டிபார்ட்மென்ட்ல எனக்கு ஒரு விசா போடுங்களேன். ஆபீசரு நீங்க சொன்னா மாட்டேன்னா சொல்லுவாங்க?"

"பாக்கலாம்டா" என்றான் உமர். பதினோரு வருஷமாக அவன் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

கடலூர் தாண்டி, கடற்கரைச் சாலையில் இருந்தது பார்க். வாசலிலேயே வம்பு. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்றான் செக்யூரிட்டி. பிரியாணியை விட்டுவிட்டுப் போகும் வம்சமா? வேன் நிழலில் பாயை விரித்து, காலை ஒன்பதரை மணிக்கு மத்தியானச் சாப்பாட்டை முடித்தார்கள். பக்கத்து வேன்காரர்கள் தயிர்சாதத்தோடு அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். பிரியாணி அங்கேயும் தயிர்சாதம் இங்கேயும் போய்வந்தது.

உள்ளே போனதும் அர்ஃபா சுழன்று மேலே ஏறும் பெரிய ராட்டினத்துக்கு ஓடினாள். மாமனும் மருமகளும் ஏறிக்கொண்டார்கள். பிரியாணியில் வயிறு கனத்துப்போன அஜீஸா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் போனாள். உமர் கம்பி வேலிக்கு வெளியே நின்றான். ஆபரேட்டர் ஒரே ஆளாக இரண்டு ராட்டினத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். அவசரத்தில் கம்பிகளை ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனார். பெல்ட்டை இழுத்துப் பார்க்கவே இல்லை.

உமரால் நிற்க முடியவில்லை. வேலியைத் தாண்டி உள்ளே போனான். மகளின் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்தான், கம்பியை ஒரு தடவை அழுத்தினான், கண்ணைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அதோடு வந்திருக்கலாம். கை கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக் குழந்தைக்கும் இரண்டு இழு, ஒரு அழுத்து, கட்டைவிரல். அதற்கடுத்த குழந்தைக்கும். பதினாறு இருக்கையையும் முடித்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. அதற்குள் வேப்பூர்க்கார அம்மாள் ஒருத்தி தன் செருப்பையும் கைப்பையையும் அவனிடம் கொடுத்து, "பத்தரமா வச்சிருப்பா" என்று சொல்லி ஏறியிருந்தாள்.

ராட்டினம் கிளம்பியது. செருப்பும் கையுமாக நின்றவன் தோளை யாரோ தொட்டார்கள். சட்டைப் பையில் ராஜமாணிக்கம், மேனேஜர் என்று பட்டை குத்தியிருந்தது.

"அண்ணே, எந்த பார்க்குல இருக்கீங்க?"

உமர் சுற்றிலும் பார்த்தான். அஜீஸாவைக் காணோம். "துபாய்ல" என்றான் மெதுவாக.

"அதான பாத்தேன். பழகுன கை சொல்லுதே. எங்க ஆளுங்களுக்கு இத கத்துக்குடுக்க முடியாம நான் படுற பாடு இருக்குதே… எந்த ஊரு? விருத்தாசலமா? பக்கந்தான். வந்துடுங்கண்ணே. நாளைக்கே சேத்துக்கிறேன். துபாய்ல ரூமு வாடக, சாப்பாடு போக என்னா மிஞ்சுதோ, அத இங்க தரேன்."

உமருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஐந்து வேளைத் தொழுகையிலும் அவன் கேட்டது இதைத்தான். சர்டிபிகேட் கேட்காத வேலை, தெரிந்த வேலை, தினமும் வீட்டுச் சோறு. 'வரேண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"யாரப் பாத்து என்னா கேக்குறீங்க?"

அஜீஸா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். எப்போது வந்தாளோ, கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது.

"அவரு துபாய்ல சேஃப்டி ஆபீசருங்க. அவருக்குக் கீழ நாப்பது பேரு கைய கட்டிக்கினு நிக்கிறாங்க. புள்ளைங்கள பாத்து மனசு கேக்காம பெல்ட்டு போட்டுவுட்டாரு. அதுக்குன்னு பெல்ட்டு மாட்டுற வேலைக்கே கூப்புடுவீங்களா?"

நாற்பது பேர் என்பது உமருக்கே புதுச் செய்தி.

ராஜமாணிக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சிடுங்க சார். தெரியாம கேட்டுட்டேன்."

அண்ணன் சாரானான், கையில் விழுந்த வேலை போயிற்று. 'அஜீஸா, நான் பார்க்கிறதே இந்த வேலைதான்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் ராட்டினம் நின்று அர்ஃபா இறங்கி ஓடிவந்தாள். செருப்பை வாங்க வந்த வேப்பூர் அம்மாளிடம், "அவரு இங்க வேல செய்யறவரு இல்ல. எங்க அத்தா. ஆபீசரு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். வந்த நாளிலிருந்து, 'எங்க அத்தா' என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல. தெரியாம கேட்டுட்டாரு, வுடு அஜீஸா" என்றான் உமர், பெருந்தன்மையாக.

அவமரியாதைக்குப் பரிகாரமாக ராஜமாணிக்கம் அவர்களை வரிசையில் நிற்கவைக்காமல் முதல் ஆளாக ஏற்றினார். அஜீஸா, "நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஆயிரக்கணக்கான பேரை உட்காரவைத்த மனிதன், வாழ்நாளில் முதல்முறையாக ராட்டினத்தில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மனைவி. மேனேஜர் எச்சரித்திருப்பார் போலிருக்கிறது, ஆபரேட்டர் ஓடிவந்து அவன் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்து, கம்பியைப் பயபக்தியோடு அழுத்தினார்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டான் உமர்.

"மந்தாரக்குப்பம் சார். ஆறரைக்கு விருத்தாசலம் பஸ்ஸ புடிச்சா எட்டு மணிக்குள்ளாற வூடு."

"தெனமுமா?"

"தெனமுந்தான் சார். நா போற வரைக்கும் எம் பொண்ணு சாப்புடாது."

ராட்டினம் கிளம்பியது. உயர உயர உமரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூட முடியவில்லை. இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அத்தாவ பாரேன்! அழுவுறாரு!" என்று கத்தினாள் அர்ஃபா.

அஜீஸா எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரு ஆபீசருடீ. அவருக்கு என்னா தெரியும்? இதுலல்லாம் ஏறிப் பழக்கமா என்னா? பயந்துட்டாரு."